பட்டப்பெயர் என்ன என்று கேட்டார்கள்

என் பெரியப்பா மகன் ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். சில ஆண்டுகளுக்கு முன்பு, இரவுப் பணி முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தவனை வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். உரிமம் சரியாக இருந்தது, இன்சூரன்ஸ் சரியாக இருந்தது. முகவரியைப் படித்த காவலர் அவன் பெயரைக் கேட்டார், அப்பா பெயரைக் கேட்டார், பிறகு "பட்டப்பெயர் என்ன?" என்று கேட்டார். அப்படி எதுவும் இல்லை என்று தம்பி சொன்னபோது அவர் நம்பவில்லை. வடசென்னையில், அதுவும் தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவனுக்குப் பட்டப்பெயர் இல்லாமல் இருக்குமா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். அன்றிரவு வீட்டுக்கு வந்து தம்பி சாப்பிடவில்லை. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது அக்கா என்றான்.

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. அதில் பாதி உண்மை இருந்ததுதான் காரணம். எங்கள் பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் குறைவு. ஆனால் அது எப்படி ஒரு குற்றத்தின் அடையாளமாயிற்று? தினசரிகளைத் திறந்தால் விடை கிடைக்கும். கைது செய்தி என்றால் இயற்பெயர், அடுத்து "என்கிற", அதற்கடுத்து பட்டப்பெயர், வயது, ஊர். காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை என்று ஊர்கள் மாறும், அமைப்பு மாறாது. தென்சென்னையில் பெரிய தொகையை மோசடி செய்தவரின் செய்தியில் அவரைக் கல்லூரி நண்பர்கள் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை. எங்கள் தெருப் பையன் செல்போன் திருட்டில் சிக்கினால், அவனுடைய பாட்டி செல்லமாக வைத்த பெயர்கூட அச்சில் ஏறிவிடுகிறது. அச்சில் ஏறிய பிறகு அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட அந்தப் பாட்டிக்கே வாய் வருவதில்லை.

நான் ஆசிரியை. காலையில் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்களை வாசிக்கிறேன். பத்து நிமிட இடைவேளையில் மைதானத்தில் அதே பிள்ளைகளின் வேறு பெயர்களைக் கேட்கிறேன். இந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்று பல காலமாக யோசித்துவருகிறேன்.

பெயருக்கு முன்னால் நிற்பவை

தலைப்பெழுத்து ஏதோ வெள்ளைக்காரன் கொடுத்துவிட்டுப் போனது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒற்றை எழுத்தும் புள்ளியும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். பெயருக்கு முன்னால் ஊரையும் தந்தையையும் நிறுத்தும் வழக்கம் நம்முடையது, மிகப் பழையது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று சங்கப் புலவர் ஒருவர் குறிக்கப்படுகிறார். ஊர் மதுரை, தந்தை கணக்காயர், அதாவது பள்ளி ஆசிரியர், மகன் நக்கீரர். இதை இன்றைய பள்ளிப் பதிவேட்டில் எழுதினால் ம.க. நக்கீரன். காஞ்சிபுரம் (ஆங்கிலத்தில் Conjeevaram) நடராசன் அண்ணாதுரை சி.என். அண்ணாதுரை ஆனதும், மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் ம.பொ.சி. ஆனதும் இதே வரிசையில்தான். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918-இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் முன்னின்ற திரு.வி.க.வின் முதல் எழுத்திலும் திருவாரூர் இருக்கிறது.

எங்கள் பகுதியில் இந்த எழுத்து எல்லா வீட்டிலும் தந்தையைக் குறிக்காது. தெலுங்கு பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. அவர்கள் வீட்டுப் பெயரை முன்னால் வைப்பார்கள். தலைமுறை மாறினாலும் அந்த எழுத்து மாறாது. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகும் கல்லூரியின் பெயரில் இருக்கும் சர் பிட்டி தியாகராயரின் 'பிட்டி' அப்படிப்பட்ட குடும்பப் பெயர்தான். என் வகுப்பில் அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவருக்கு ஒரே தலைப்பெழுத்து வந்தபோது, அலுவலக உதவியாளர் ஒருவர் அது தவறு என்று திருத்தப் பார்த்தார். இருவரின் தந்தையும் வேறல்லவா என்பது அவர் கேள்வி. வீட்டுப் பெயரைப் பற்றி விளக்கியதும் விட்டுவிட்டார்.

சாதிப் பெயர் பின்னொட்டாக நிற்க வேண்டிய இடத்தைக் காலி செய்தது தமிழ்நாடு செய்த பெரிய காரியங்களில் ஒன்று. 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விடச் சொன்னது, ஈ.வெ.ரா. தம் பெயரிலிருந்த நாயக்கரை நீக்கினார். இன்று என் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரைப் பார்த்து அவன் என்ன சாதி என்று நான் சொல்ல முடியாது. இதற்காக நான் பெருமைப்படுகிறேன். ஆனால் உலகத்தின் விண்ணப்பப் படிவங்கள் அந்தக் காலி இடத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் நுழைவு இல்லை என்றபோது எங்கள் தெருவில் சில வீடுகளில் பெரிய கலக்கம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மகனை அப்பா பெயரால் அழைக்கும் நாட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். அங்கே மேலாளர் கூப்பிடுவது மகனை. காதில் விழுவது அப்பாவின் பெயர்.

பெண்களின் எழுத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. என் சான்றிதழ்களில் அப்பாவின் எழுத்து, குடும்ப அட்டையில் கணவரின் எழுத்து. ஒவ்வொரு வங்கியிலும் இரண்டு பேரும் நான்தான் என்று நிரூபித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அம்மாவின் எழுத்தோடு சில பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்கள். 2021 டிசம்பரில் தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று அரசாணை வந்தபோது பதிவேட்டைப் புதிதாக எழுதினேன். அம்மாக்களின் எழுத்துகளைத் தமிழில் எழுதிய அந்த மாலை எனக்கு நல்ல மாலை.

தொண்டியார் யார்?

பட்டப்பெயருக்கு வருகிறேன். எங்கள் பேட்டையின் பெயரே ஒரு பட்டப்பெயர் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ராமநாதபுரம் பக்கம் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர் துறவியாகிச் சென்னை வந்து இங்கே தங்கினார். ஊரார் அவரைத் தொண்டியார் என்றார்கள். அவர் இருந்த இடம் தொண்டியார்பேட்டை, பின்பு தண்டையார்பேட்டை. அவரைத்தான் தமிழுலகம் குணங்குடி மஸ்தான் சாகிபு என்று அறியும். முதற்சொல் ஊர், அடுத்தது இறைப்பித்தில் மூழ்கியவர் என்று மக்கள் கொடுத்த பெயர். பெற்றோர் வைத்த பெயரை இன்று தேடித்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கதையில் ஒரு சிக்கல் உண்டு. மஸ்தான் சாகிபுவின் காலம் 1792 முதல் 1838 வரை. கிழக்கிந்தியக் கம்பெனி 1693-இல் பெற்ற எழும்பூர், புரசைவாக்கம் முதலான கிராமங்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. அவர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஊருக்கு இந்தப் பெயர் இருந்திருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது வேறு மாதிரி பார்க்கிறேன். ஏற்கெனவே இருந்த ஒரு பெயரை, தாங்கள் நேசித்த ஒருவர்மேல் சாத்திவிட்டார்கள் எங்கள் முன்னோர். ஊர்ப் பெயருக்கு யாரைக் காரணமாகச் சொல்ல ஆசைப்பட்டார்கள் என்பதும் வரலாறுதான். பக்கத்தில் காலடிப்பேட்டை இருக்கிறது. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலெட் பேட்டை வாய்க்கு வாய் மாறிக் காலடிப்பேட்டை ஆயிற்று. இன்று மெட்ரோ நிலையத்தின் பலகையில் காலடிதான் இருக்கிறது, கவர்னர் இல்லை. ராயபுரத்தின் 'ராயர்' யார் என்று கேட்டால் இராயப்பர், புனித பேதுரு, என்று அங்குள்ள படகோட்டிகளின் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். அங்கிருக்கும் புனித பேதுரு தேவாலயத்தைக் கட்டியது அவர்கள் முன்னோர்.

ஊர்ப் பெயரை இப்படித் தங்கள் வாயால் செய்துகொண்டவர்கள் ஆட்பெயரையும் விடவில்லை. முதல் காரணம் தேவை. ஒரே அம்மன் பெயரையும் ஒரே புனிதரின் பெயரையும் தெருவெல்லாம் வைத்தால் எந்த ஆள் என்று எப்படிச் சொல்வது? தொழில் ஒட்டிக்கொள்ளும்: வெல்டிங், ஐஸ், மில். வந்த ஊர் ஒட்டிக்கொள்ளும். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியமர்ந்தவர்களின் வீடு மூன்றாம் தலைமுறையிலும் 'பர்மா வீடு'தான். அந்த வீட்டுப் பெண் என் வகுப்பில் படித்தாள், ரங்கூன் எந்தத் திசை என்று அவளுக்குத் தெரியாது. பின்னி ஆலை மூடி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மில்லுக்காரர் வீடு இன்னும் இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லில் பிறந்த பெயர்களும் உண்டு. எங்கள் தெருவில் ஒருவரைச் 'சிலோன்' என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் அவரை இலங்கையிலிருந்து வந்தவர் என்று நினைப்பார்கள். அவர் சென்னையைத் தாண்டியதில்லை. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தெரு முழுதும் கேட்கும்படி வைத்தவர், அவ்வளவுதான். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் குறுந்தொகை நினைவுக்கு வரும். செம்மண்ணில் பெய்த மழைநீரைப் பாடியவர் செம்புலப்பெயல்நீரார். அணில் விளையாடும் முற்றத்தைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். நற்றிணையில் தேய்ந்த பழங்கயிற்றைப் பாடியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். இவர்களுடைய இயற்பெயர் போய்விட்டது. ஒருமுறை சொன்ன சொல்லால் வந்த பெயர் இரண்டாயிரம் ஆண்டாக நிற்கிறது. பட்டப்பெயர் என்றால் முகம் சுளிப்பவர்கள் இந்தப் புலவர்களின் பெயர்களை எந்தக் கணக்கில் வைப்பார்கள்?

எல்லாப் பட்டப்பெயரையும் நான் தாங்கிப் பிடிக்கவில்லை. காலையும் கண்ணையும் நிறத்தையும் சொல்லி வைத்த பெயர்களை என் வகுப்பில் அனுமதிப்பதில்லை. அதில் அன்பு இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பெயரைச் சுமந்த பிள்ளைகளின் முகத்தை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்பு அங்கே இல்லை. பெண்களுக்குத் தனிப் பட்டப்பெயர் அரிது என்பதும் எனக்குக் குறையாகவே படுகிறது. இட்லிக்கடை அக்கா, கருவாட்டு ஆயா என்று தொழில் ஒட்டும். இல்லையென்றால் இன்னாரின் அம்மா. அவர்கள் ஒரு நாள் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்து யாரும் பெயர் வைக்கவில்லை.

பிளக்ஸ் கடையில்

பெரியப்பா இறந்த அன்று இந்த விஷயம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்தது. அவர் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். கப்பலின் அடித்தளத்திலிருந்து சரக்கைத் தூக்கிக் கரையில் இறக்கும் வேலை. 1983-இல் சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை மூட்டையாகத் தூக்கும் வேலை மெல்ல மெல்லக் குறைந்தது. அவரை வேறு வேலைக்கு மாற்றினார்கள். பெயர் மாறவில்லை. ஊருக்கு அவர் கடைசிவரை 'வின்ச்'. தம்பி வின்ச் மகன், நான் வின்ச் வீட்டுப் பெண். அவருடைய இயற்பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருந்தது என்று சொன்னாலும் தவறில்லை.

கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடிக்கத் தம்பியும் நானும் போனோம். கடைக்காரர் எங்கள் பகுதிக்காரர். கேட்காமலேயே இயற்பெயரைப் போட்டு, அடுத்து "என்கிற வின்ச்" என்று தட்டினார். தம்பி எழுந்துவிட்டான். அந்தச் சொல் கூடாது, அப்பா பெயரும் தலைப்பெழுத்தும் மட்டும் போதும் என்றான். கடைக்காரருக்குப் புரியவில்லை, எல்லாருக்கும் அப்படித்தானே அடிக்கிறோம் என்றார். எனக்குப் புரிந்தது. அந்த இரவு சாலையில் நின்றவனுக்கு, அந்தச் செய்திகளையெல்லாம் படித்தவனுக்கு, தன் அப்பாவின் படத்துக்குக் கீழே "என்கிற" என்று எழுதினால் எப்படி இருக்கும்?

ஆனால் வெறும் இயற்பெயரைப் போட்டால் இறந்தது யார் என்று யாருக்கும் தெரியாது. பெரியம்மாவிடம் போனில் கேட்டோம். அழுதுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் தெளிவாகச் சொன்னார்: முதலில் வின்ச் என்று பெரிதாகப் போடுங்கள், கீழே பதிவேட்டுப் பெயரைச் சின்னதாகப் போடுங்கள், நடுவில் எதுவும் வேண்டாம். தம்பி சிறிது நேரம் பேசாமல் நின்றான். பிறகு கடைக்காரரிடம் அப்படியே அடிக்கச் சொன்னான்.

அந்தப் படம் செல்போன்களில் சுற்றியது. மணலிக்கும் மாதவரத்துக்கும் வீடு மாறிப்போன பழைய துறைமுகத் தொழிலாளர்கள் மாலையோடு வந்தார்கள். இத்தனை பேர் உயிரோடு இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரிடம் தம்பி கேட்டான்: வின்ச் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்களே, இவருக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்? அவன் இதுவரை கேட்காத கேள்வி. அவர் சொன்னார்: ஒருமுறை பெரியப்பா தேநீர் குடிக்கப் போன நேரத்தில் வேறு ஒருவர் வின்ச்சைப் பிடித்தார், பிடி நழுவிச் சரக்கு சரிந்து, கீழே நின்ற தொழிலாளியின் கால் நசுங்கியது. அதன் பிறகு பெரியப்பா வேலை நேரத்தில் வின்ச்சை விட்டு இறங்கியதே இல்லை. தேநீர் அவரிடம் மேலே போகும். சிறுநீர் கழிக்கக்கூட இறங்க மாட்டார் என்று கிண்டல் செய்து, ஆளும் இயந்திரமும் ஒன்று என்று சொல்லி வைத்த பெயர் அது. கீழே நின்று வேலை செய்த எல்லோரும், இன்றைக்கு மேலே வின்ச் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கப்பலுக்குள் இறங்குவார்களாம்.

தொழிலின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு மனிதர் இத்தனை ஆண்டுகள் எப்படி வேலை செய்தார் என்பதற்குச் சக தொழிலாளர்கள் கொடுத்த சான்று அது. அவருடைய பணிப் பதிவேட்டில் அது இருக்க வாய்ப்பில்லை. ஓய்வு பெற்றபோது கொடுத்த கேடயத்திலும் இல்லை.

எழுதி வைத்தல்

வடசென்னையின் உழைப்பை யார் எழுதி வைத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆலையின் கணக்கு ஆலையோடு போயிற்று. துறைமுகத்தின் கணக்கில் டன்கள் இருக்கின்றன. தனி ஆளைப் பற்றிச் சொல்லும் ஆவணம் என்று எங்களிடம் இருப்பது இந்தப் பெயர்கள்தான். அவற்றைக் காகிதத்தில் ஏற்றுவதை மட்டும் காவல் நிலையத்துக்கும் கைதுச் செய்திக்கும் விட்டுவிட்டோம். பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் வேறு பெயர்களால் அறியப்படுகிறீர்களா என்று ஒரு கேள்வி உண்டு. எங்கள் தெருவில் எல்லோரும் 'இல்லை' என்றுதான் நிரப்புகிறோம். பயம் அப்படி.

செய்தித்தாள் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தேடப்படும் ஒருவரை அடையாளம் காண அந்தப் பெயர் தேவை என்றால் போடுங்கள். பிடிபட்டு, இயற்பெயரும் தந்தை பெயரும் தெரிந்த ஒரு பையனுக்கு அது எதற்கு? நாளை வழக்கிலிருந்து விடுபட்டாலும் அந்தப் பெயரிலிருந்து அவன் விடுபட மாட்டான்.

என் பங்குக்கு, தெருவிலிருக்கும் பட்டப்பெயர்களையும் வீட்டுப் பெயர்களையும் அவை பிறந்த கதைகளோடு ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். உடம்பைச் சொல்லும் பெயர்களை எழுதுவதில்லை. மாணவர்களிடம் வீட்டில் கேட்டுவரச் சொன்னபோது மறுநாளே ஒரு தாய் பள்ளிக்கு வந்துவிட்டார். எதற்காகக் கேட்கிறீர்கள், இதை யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அவருடைய மூத்த மகனின் பெயர் ஒருமுறை தினசரியில் வந்திருக்கிறது. நான் விளக்கினேன், கேட்டுக்கொண்டார், ஆனாலும் எங்கள் வீட்டை எழுத வேண்டாம் என்றார். எழுதவில்லை. இப்போது யாரிடமும் பிள்ளைகளை அனுப்பிக் கேட்பதில்லை, நானே போய் உட்கார்ந்து கேட்கிறேன், எழுதியதை அவர்களிடமே வாசித்துக் காட்டுகிறேன்.

'கலெக்டர்' என்று ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். டீக்கடைப் பெரியவர்கள் இருவர் இரண்டு காரணம் சொல்கிறார்கள்: அவர் பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைத்தார் என்கிறார் ஒருவர், வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டதில்லை என்கிறார் மற்றவர். கலெக்டரும் துறைமுகத்தில் வேலை பார்த்தவர் என்பதால் மணலியிலிருக்கும் பெரியப்பாவின் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பார்க்கப் போகிறேன். தம்பியும் வருகிறான்.